முன்வரிசை அழுகை

சுமலதாவின் முழங்கை டிவியில் வந்து மூன்று வருடமாகிறது. சைனிக்புரியில் அவள் மருமகன் வைத்திருக்கும் மாடித்தோட்டத்தை ஒரு சானலில் காட்டினார்கள். கத்தரிச்செடிக்குப் பின்னால் ஒரு முழங்கை இரண்டு விநாடி தெரிந்தது. அது தன்னுடையதுதான் என்று திருமுல்கேரியில் எங்கள் அபார்ட்மெண்டில் அவள் சொல்லாத ஆளில்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்டால், மூன்றாவது மாடி வருவதற்குள் வீடியோவையே போட்டுக் காட்டிவிடுவாள். எனக்குப் பொறாமைதான், மறைப்பானேன். முழங்கைக்கே இந்த மவுசு என்றால் முழு முகத்துக்கு எப்படி இருக்கும் என்று யோசித்து யோசித்தே எனக்குப் பைத்தியம் பிடித்தது.

அதனால், பாட்டுப் போட்டி ஷூட்டிங்குக்குப் பார்வையாளர்கள் வேண்டும் என்று காலனி வாட்ஸாப்பில் செய்தி வந்ததும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். கூடவே என் வீட்டுக்காரர் எட்வின் பெயரையும், அவரைக் கேட்காமலே. அதோடு நின்றிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள், நான் டிவியில் வருகிறேன் என்று பதினாறு வீட்டுக்கும் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

ஸ்டூடியோவில் பார்வையாளர்களைக் கட்டி மேய்க்கும் வேலை ஜெயந்த் என்ற பையனுக்கு. என் மஞ்சள் புடவையைப் பார்த்ததும் எங்கள் இருவரையும் முன்வரிசையில் உட்கார வைத்தான். எதிரே மேடையில் ஓர் ஆள் கிடையாது. மைக் மட்டும் தனியாக நின்றது. பாடுகிறவர்கள் மத்தியானம்தான் வருவார்களாம். அதற்குள் எங்கள் கைதட்டல், சிரிப்பு, ஆச்சரியம் எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்வார்களாம். இத்தனை வருடம் இதையா நம்பி டிவி பார்த்தோம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் தட்டச் சொன்னபோது எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினேன். ஆச்சரியப்படச் சொன்னபோது வாயைப் பிளந்தேன்.

"இப்போ அழணும் ஆன்ட்டி. கேமரா உங்க மேல," என்றான் ஜெயந்த்.

யாரை நினைத்து அழலாம் என்று நான் யோசிப்பதற்குள் பக்கத்தில் விசும்பல் கேட்டது. எட்வின். முப்பத்துநாலு வருடம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். உத்தரவு என்றால் உத்தரவு. உதட்டைப் பிதுக்கி, மூக்கை உறிஞ்சி, அந்த ஆளில்லாத மைக்கைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். எங்கள் கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் இவ்வளவு உணர்ச்சியை நான் பார்த்ததில்லை.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. புடவைத் தலைப்பை வாயில் திணித்தேன். தோள் குலுங்கியது, கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர்.

"ஏட்டி, சும்மா இரி. கேமரா பாக்குது," என்று அழுகையை நிறுத்தாமலே அதட்டினார். அதைக் கேட்டதும் நான் முன்னால் சரிந்தே விட்டேன்.

ஜெயந்த் 'போதும்' என்று கையைக் காட்டி, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்து எங்கள் கூட்டத்தை அனுப்பிவிட்டார்கள்.

"கெடுத்துட்டியே. இனி உன் மூஞ்ச வெட்டித்தான் போடுவான்," என்றார் எட்வின் பஸ்ஸில். கூப்பிட்ட வீடுகளை விரல்விட்டு எண்ணினேன். பதினாறு வீடு. அதில் ஒரு வீடு சுமலதாவுடையது.

ஞாயிற்றுக்கிழமை ஆறேமுக்காலுக்கே ஹால் நிறைந்துவிட்டது. சுமலதா டிவிக்கு நேர் எதிரே சோபாவில் உட்கார்ந்துகொண்டாள். முதல் பாட்டு முடிந்தது; நான் இல்லை. இரண்டாவது பாட்டில் கைதட்டினார்கள், அதிலும் இல்லை. "ஹவ், ஆமா ஷோபா, நீ போனது இந்த ப்ரோக்ராம்தானே," என்று சுமலதா முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டாள். காபி போடும் சாக்கில் நான் சமையலறைக்கு ஓடப் பார்த்தேன்.

அப்போதுதான் அந்தப் பெண் பாட வந்தாள். போவன்பள்ளி மார்க்கெட்டில் தக்காளி தரம் பிரிக்கிறவளாம். புருஷன் உயிரோடு இருந்தவரை அவர் முன்னால் வாய் திறந்து பாடியதே இல்லையாம், அவ்வளவு வெட்கமாம். இன்று அவருக்காகப் பாடுகிறேன் என்று தெலுங்கில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். என்ன குரல் அது. நான் காபியை மறந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

பாட்டு உச்சத்துக்குப் போனபோது திரை முழுக்க மஞ்சள். என் மஞ்சள். தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, கண்ணில் நீர் ஆறாய்ப் பெருக நான் உட்கார்ந்திருந்தேன். அதையே மெதுவாக ஓடவிட்டு இன்னொரு தடவை காட்டினார்கள். பிறகு பக்கத்திலிருந்து ஒரு தடவை.

ஹாலில் மூக்கை உறிஞ்சும் சத்தம் நாலாபக்கமும் கிளம்பியது. சுமலதா முறுக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவ்ளோ மெல்லிசான மனசா ஷோபா உனக்கு? எனக்குத் தெரியாமப் போச்சே," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. இத்தனை நாள் நான் காத்திருந்தது இதற்குத்தான். ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"அது அழுகை இல்ல சுமா. சிரிச்சேன். இவர் மூஞ்சியப் பாத்து சிரிச்சேன்."

"நக்கோ, வேணாம். அழுததுக்கு என்ன வெக்கம்?"

"சத்தியமா சிரிப்புதான். அப்ப இந்தப் பொண்ணு அங்க இல்லவே இல்ல."

யாரும் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள். டிவியில், புருஷன் காதில் விழாத அந்தப் பாட்டு இன்னும் முடியவில்லை. சொல்லச் சொல்ல என் கன்னம் இரண்டும் நனைந்து, மூக்கும் ஒழுகியது.

சுமலதா அதற்குள் தன் மகள் அனுபமாவுக்குப் போன் போட்டுவிட்டாள். "பாத்தியாடி? மஞ்சப் புடவை. நம்ம ஷோபா ஆன்ட்டிதான், என் ஃப்ரெண்டு," என்று பெருமையடித்துவிட்டு, போனை என் காதில் வைத்தாள்.

"ஆன்ட்டி, நான் இங்க ஒரே அழுகை. நீங்க ரியலாவே அழுதீங்களா?" என்றாள் அனுபமா.

தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"ஆமாம்மா," என்றேன். "இன்னும் நிக்கல."