மங்கில் வளர்ந்த சேவல்

கோழிச் சீக்கு, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்குள் நுழைந்த அந்த மழைக்காலத்தில்தான் ராமையாவையும் காய்ச்சல் பிடித்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் உடலைத் தூக்கிப் போடும் குளிர்க்காய்ச்சல். மலாயாவின் கோலா கெத்திலுக்கு உட்புறமாக இருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில், மருந்துக்காரர் கொடுத்த கொயினா மாத்திரைக்கு அது அடங்கவில்லை. பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அவனை லாரியில் ஏற்றிச் சென்ற அன்று, அவன் மனைவி நவமணி தோட்டத்து எல்லையில் இருந்த முனியாண்டி கோயிலுக்குப் போய், ஈரச் சேலையுடன் நின்று நேர்ந்துகொண்டாள்.

"என் புருசன உசுரோட திருப்பி அனுப்பு. அடை வச்சிருக்கிற முட்டையில எது சேவலாப் பொரிச்சுத் தங்குதோ, அத உனக்கே விட்டுர்றேன்."

அப்போது அவை வெறும் முட்டைகளாகவே இருந்தன. முட்டையை யாருக்கு வேண்டுமானாலும் வாக்களித்துவிடலாம்.

குஞ்சுகள் பொரித்தன, இறகு முளைக்கத் தொடங்குமுன் சீக்கு அவள் வீட்டுக்கும் வந்தது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, சிறகு தொங்கி, ஒன்றன்பின் ஒன்றாகக் குஞ்சுகள் சரிந்தன. தாய்க்கோழியும் போயிற்று. எஞ்சியது ஒன்றே ஒன்று. அதுவும் நிற்கவில்லை. கால்கள் இரண்டும் பக்கத்துக்கொன்றாக விரிந்து கிடந்தன. கழுத்து ஒருபுறம் திருகியிருந்தது. தலை ஓயாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"இத எதுக்குடி வச்சிருக்கே? கழுத்தத் திருகிக் குழியில போடு" என்றாள் அடுத்த வீட்டுப் பாப்பம்மா.

"கழுத்து தானாவே திருகித்தான் இருக்கு, அக்கா. இன்னமும் நான் திருகணுமா?"

நவமணி பால்மரம் வெட்டுகிறவள், ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பாலெடுப்பவள். மரத்தில் வழியும் பாலை ஏந்துவதற்குக் கட்டித் தொங்கவிடும் சிறு கிண்ணத்தை அங்கே மங்கு என்பார்கள். விளிம்பு உடைந்து கழிக்கப்பட்ட மங்கு ஒன்றை எடுத்து, பழந்துணி பரப்பி, குஞ்சை அதனுள் அமர்த்தினாள். கிண்ணத்தின் குழிவு அதன் கால்களை விரியவிடாமல் உடலுக்கடியிலேயே நிறுத்தியது. அடுப்புச் சாம்பலின் சூட்டில் அந்தக் கிண்ணத்தை வைத்துவிட்டு, மஞ்சள் தடவிய நொய்யை ஊறவைத்தாள்.

ஆனால் குஞ்சினால் கொத்த முடியவில்லை. நொய்யை நோக்கிக் குனியும், தலை நடுங்கும், அலகு வேறெங்கோ தரையில் மோதும். உணவு கண்முன் கிடக்கையிலேயே அது பட்டினியால் சாகவிருந்தது. இரண்டு நாள் பார்த்துவிட்டு, நவமணி தன் இரு விரல்களை அதன் தாடைக்கீழ் மெல்ல முட்டுக்கொடுத்துத் தலையைத் தாங்கினாள். நடுக்கம் நின்றது. விளக்கை அணைத்தாற்போல, உடனே நின்றது. குஞ்சு வாயைத் திறந்தது. ஒரு நொய்யை வைத்தாள், விழுங்கிற்று. விரலை எடுத்ததும் தலை மறுபடியும் ஆடத் தொடங்கியது.

அன்றுமுதல் ஒவ்வொரு வேளையும் அவ்வாறே ஊட்டினாள். வேலைக்குப் போகையில் மங்கோடு குஞ்சையும் ஒரு கூடையில் வைத்து எடுத்துச் சென்று, மரத்தடியில் இறக்கி வைத்துவிட்டு வெட்டினாள். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெண்கள் சிரித்தார்கள்.

"அந்தக் கூடைய ஆயாக் கொட்டகையில விட்டுட்டு வாயேன், நவமணி" என்றாள் பாப்பம்மா. "எங்க புள்ளைங்களோட சேத்து ஆயா தாலாட்டிட மாட்டாளா?"

நவமணியும் சேர்ந்து சிரித்தாள். மணமாகி எட்டாண்டுகள் ஆகியும், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தக் கொட்டகையில் விடுவதற்கு அவளுக்கு எவரும் இருந்ததில்லை. சிரிப்பு அடங்கியபோது பாப்பம்மாவே முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நொய்யி இல்லேன்னா எங்கிட்ட கேளு" என்றாள்.

வேலை முடிந்து திரும்பினால், பூட்டிய வீட்டில் பேச்சுக்கொடுக்க வேறு உயிர் இல்லை. ஆகவே குஞ்சோடு பேசினாள். மழையைப் பற்றிப் பேசினாள்; கங்காணியைத் திட்டினாள்; ராமையாவின் உடல்நிலையைச் சொன்னாள். குஞ்சு தலையை ஆட்டிக்கொண்டேயிருந்தது. எதைச் சொன்னாலும் ஆமாம் ஆமாம் என்பது போலிருந்த அந்த ஆட்டம் அவளுக்குச் சில வேளைகளில் சிரிப்பூட்டியது.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது, எலும்பும் தோலுமாகக் கிடந்த கணவனிடம், தெம்பு உண்டாகட்டுமென்று நேர்ந்துகொண்டதைக் கூறினாள்.

"தங்கினது எத்தன?"

"ஒண்ணுதாங்க."

"சேவலா, பெட்டையா?"

"இன்னும் தெரியல."

அவள் மெய்யைத்தான் சொன்னாள். ஆனால் அதன்பின் ஒவ்வொரு நாளும் குஞ்சின் உச்சந்தலையைப் பார்க்கத் தொடங்கினாள். அது பெட்டையாக இருந்துவிட வேண்டுமென்று மனத்துக்குள் மன்றாடினாள். குஞ்சு மங்கிலிருந்து இறங்கியது. சாய்ந்து சாய்ந்து நடந்தது. பிறகு ஓடவும் செய்தது. இரை எடுப்பதற்கு மட்டும் அவளிடமே வந்து கழுத்தை நீட்டிற்று. ஒரு காலை அதன் கொண்டை சிவந்திருந்தது. சில வாரங்களுக்குள் அரைகுறையாகக் கூவவும் செய்தது.

"உன் புள்ள கூவுதுடி" என்றாள் பாப்பம்மா.

ராமையா திரும்பி வந்தான். உயிரோடு வந்தான், வேண்டிக்கொண்டபடியே நடந்தது. ஆனால் மாலையில் காற்றுச் சற்றே குளிர்ந்தாலும் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கைகள் நடுங்குகின்றனவா என்று பார்த்தவாறு உட்கார்ந்திருப்பான்.

"நேந்தத இன்னும் செலுத்தல, புள்ள. அதான் விட்டு விட்டுக் குளிருது."

"சந்தையில நல்ல சேவலா ஒண்ணு வாங்கி விட்டுருவோங்க. இது நோஞ்சான்."

"வேற கோழியக் குடுத்து சாமிய ஏமாத்தச் சொல்றியா?"

நவமணி, பூசாரி பரஞ்சோதியிடம் போனாள். அவரும் தோட்டத்தில் பால்வெட்டுகிறவர்தான்; இரக்கமுள்ள மனிதர்.

"அண்ணே, ஊனமுள்ளத சாமிக்கு விடக் கூடாதில்ல? அதுக்குத் தலை நடுக்கம் இருக்கு."

அவர் சற்று யோசித்தார். "கூடாதுதான், தங்கச்சி. ஆனா இதத்தான்னு சொல்லி நேந்திருக்கே. சாமிகிட்டயே கேட்டுருவோம். மூணு தரம் மஞ்சத்தண்ணி தெளிக்கிறேன். உடம்பச் சிலுப்புச்சுன்னா உத்தரவு. சிலுப்பலேன்னா, வேணாங்குதுன்னு அர்த்தம். வீட்டுக்குத் தூக்கிட்டுப் போ. வேற ஒண்ணு விட்டுக்கலாம்."

"தண்ணி தெளிக்கிறப்ப நானே பிடிச்சுக்கிறேன், அண்ணே. மத்தவங்க கைக்கு அது பயப்படும்."

"பிடிச்சுக்க."

மழையில் நனைந்தால்கூடத் தன் விரல்களுக்கிடையில் அது அசையாதிருக்கும் என்பதை அவள் அறிவாள். வீடு திரும்பும்போது அவள் மனம் பல மாதங்களுக்குப் பிறகு இலேசாக இருந்தது. பூசாரி கூறியதைக் கணவனிடம் சொன்னாள். அவன் மகிழவில்லை.

"போன வருசம் மணியம் விட்ட கடா சிலுப்பவே இல்ல. வேற கடா விட்டான். என்ன ஆச்சு? மழைக்கு முந்தியே அவனத் தூக்கிட்டுப் போய்ப் புதைச்சாங்க."

"அது வயித்து நோவுங்க."

"ஒனக்கு எல்லாந் தெரியும்" என்று கூறி அவன் கம்பளியை இழுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை கோயிலில் லயத்துச் சனங்கள் கூடினார்கள். நவமணி சேவலை மார்போடு அணைத்து, இரு விரல்களைத் தாடைக்கீழ் வைத்து நின்றாள். பரஞ்சோதி கற்பூரம் காட்டி, வேப்பிலையால் மஞ்சள்நீரைத் தெளித்தார். நீர் கொண்டையில் பட்டு வழிந்தது. சேவல் கண்களை மூடித் திறந்தது. அசையவில்லை.

இரண்டாம் முறை சற்று அதிகமாகவே தெளித்தார். இறகெல்லாம் நனைந்தன. அசைவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. விரல்களில் சேவலின் மூச்சு வெதுவெதுப்பாகப் பட்டுக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு முறை. அதற்குப்பின் அது அவளுடையது.

அவள் நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். வெயிலிலும் கம்பளி போர்த்தியிருந்தான். உதடு வெளுத்திருந்தது. கூப்பிய கைகள் முழங்கைவரை நடுங்கின.

"சாமி கோழிய வேணாங்குது" என்று தனக்குள் சொல்வது போலச் சொன்னான். "அப்ப என்னயத்தான் கேக்குது."

அவன் முழங்கால்கள் மடங்கின. பாப்பம்மாவின் கணவன் ஓடிவந்து தாங்கிக்கொண்டான். இந்த நினைப்போடு வீட்டுக்கு வந்தால் இம்மனிதன் அடுத்த குளிரைத் தாங்கமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. அது சாமியின் செயலா, நோயின் செயலா, பயத்தின் செயலா என்பதை அறிந்து அவளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

பரஞ்சோதி வேப்பிலையை மூன்றாம் முறை நீரில் தோய்த்தார்.

நவமணி இரு விரல்களையும் எடுத்துவிட்டாள்.

நீர் விழுமுன்பே தலை ஆடத் தொடங்கியது. நீர் விழுந்ததும் உடல் முழுவதும் உதறியது. மஞ்சள் துளிகள் அவள் முகத்தில் தெறித்தன. பெண்கள் குலவையிட்டார்கள். "உத்தரவாயிருச்சு" என்றார் பரஞ்சோதி. ராமையா நெடுஞ்சாண்கிடையாக விழுந்து விம்மி அழுதான்.

"குடு, தங்கச்சி."

கொடுத்தாள். பூசாரி வாகாகப் பிடிப்பதற்காகத் தாடைக்கீழ் விரல் வைத்தார். சேவல் அமைதியாகி, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்தது. அவள் மட்டுமே அதைக் கண்டாள். அதன் பொருளும் அவளுக்கு மட்டுமே விளங்கிற்று. திரும்பிக்கொண்டாள்.

அன்று மாலை மழை பெய்தது. ராமையா கம்பளியைக் கேட்கவில்லை. சோற்றுக்கு முன் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் முதன்முறையாக மறுசோறு கேட்டான். அவள் போட்டாள், குழம்பும் ஊற்றினாள்.

"நீ சாப்பிடலியா?"

"அப்புறம் சாப்பிடுறேங்க."

அவன் எலும்பைக் கடித்துச் சுவைத்துக்கொண்டே, பல மாதங்களாக அவள் கேட்டிராத தெளிவான குரலில் சொன்னான்: "நோஞ்சான்னு சொன்னியே. எவ்வளவு சதை பாரு. நல்லாத்தான் வளத்திருக்கே, புள்ள."

நவமணி தலையை ஆட்டினாள்.