அசிமினாவின் முட்டி

வாசலில் வந்து நின்று "அசிமினாக்கா" என்று ரோதாந்தி கூப்பிட்டபோதே அசிமினாவுக்கு விளங்கிவிட்டது, ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது. காரியம் இல்லாத நாளில் அந்த வாய் அவளை "ஏம்மா, காப்பி!" என்றுதான் கூப்பிடும்.

அசிமினா முழங்கை வரை மாவோடு எட்டிப் பார்த்தாள். மெல்லிய மாவில் கீரை வைத்துச் சுடும் பீத்தா ரொட்டி செய்து ஊருக்கு விற்கிறவள். நீளக் கோலால் தேய்த்த மாவு மேசை முழுக்கக் காகிதம் போல மெல்லிசாக விரிந்து கிடந்தது.

"என்னடி கண்ணு, எங்க வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா?"

"நீங்கதான் காப்பாத்தணும்க்கா. சலோனிக்காலேர்ந்து வரேன்னு சொன்ன மேளக்காரன் கைய விரிச்சுட்டான். பெரிய எடத்துக் கல்யாணம் கெடைச்சுதாம். ஞாயித்துக்கிழமை ஷோ! 'நேரடி மேளத்தோட பெல்லி டான்ஸ்'னு ஊர் பூரா போஸ்டர் ஒட்டியாச்சு. உங்கப்பா உங்களுக்குச் சொல்லிக்குடுத்த மேளம் இன்னும் இருக்குல்ல?"

பெல்லி டான்ஸாம்! பலியோகாம்போஸ் என்ற அந்தக் கிரேக்கக் கிராமத்தில் பிறந்த எவளும் அதை அப்படிச் சொன்னதில்லை. கல்யாணமோ ஞானஸ்நானமோ, தட்டு காலியானதும் பெண்கள் எழுந்து இடுப்பை ஆட்டுவார்கள். அதற்குப் பெயர் சிஃப்தெதெலி. துணைமேயர் பெண்டாட்டியான ரோதாந்திக்கு மட்டும் அந்தப் பெயர் நாக்கில் ஒட்டாது. இங்கிலீஷில் சொன்னால்தான் அவளுக்கு இனிக்கும்.

"எந்த ஆட்டத்துக்குடி மேளம்?"

"அதான்க்கா... என்னோட ஆட்டத்துக்கு."

என்னோட ஆட்டமா! அடிப்பாவி!

அந்த ஆட்டம் யாருடையது என்று இந்த மேசையைக் கேட்டால் சொல்லும். நாலு வருஷத்துக்கு முன் ஒரு குளிர்காலம் முழுக்க, மாவு தேய்த்துக்கொண்டே அசிமினா உண்டாக்கிய ஆட்டம் அது. கோலைத் தள்ளும்போது இடுப்பு எங்கே போகிறது, மாவைத் தட்டும்போது தோள் எப்படிக் குலுங்குகிறது என்று பார்த்துப் பார்த்துக் கோத்தது. பெண்கள் சங்கத்தில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தாள். சங்கத் தலைவி ரோதாந்தி பின்வரிசையில் நின்று, உதட்டுக்குள் ஒண்ணு ரெண்டு மூணு என்று எண்ணிக்கொண்டே கற்றாள்.

திருவிழா நெருங்கும்போது அசிமினாவுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை. "நீங்க ரெஸ்ட் எடுங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்றாள் ரோதாந்தி. நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள்! நடுவில் நின்று தானே ஆடினாள். உள்ளூர் டிவிக்காரனிடம் தானே உருவாக்கியது என்றாள். அப்போ அசிமினா யாரு என்று அவன் கேட்டதற்கு, "அந்தம்மாவா? சங்கத்துல காப்பி போடுவாங்க" என்றாள். வாய் கூசவில்லை.

அதைக்கூட அசிமினா முழுங்கியிருப்பாள். அந்த ஆட்டத்தின்போது நடந்ததுதான் இன்றைக்கும் தொண்டையிலேயே நிற்கிறது.

ஒருத்தி ஆடினால் மற்றவர்கள் சுற்றிவர ஒரு முட்டியைத் தரையில் ஊன்றிக் கைதட்ட வேண்டும். அந்த ஊரில் அதுதான் மரியாதை. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் முட்டி போடாதவள், ஆடுகிறவள் முகத்தில் துப்பியதற்குச் சமம். ரோதாந்தி மைக்கைப் பிடித்தாள். "அசிமினாக்கா! வாங்க, எனக்கு ஒரு முட்டி போடுங்க!" கூடமே கைதட்டியது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு போய், தையல் பிரித்து ஒரு வாரம்கூட ஆகாத முட்டியை அசிமினா தரையில் வைத்தாள். தன் ஆட்டத்துக்குத் தானே கைதட்டினாள். ஆட்டம் முடிந்தது, எழுந்திருக்க முடியவில்லை.

"ரெண்டு பேர் வாங்கப்பா!" என்று மைக்கில் கத்தினாள் ரோதாந்தி. "நம்ம காப்பியம்மாவத் தூக்கி விடுங்க!"

ஊரே சிரித்தது. தன் புருஷன் ஸ்திராத்தோஸ்கூட உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டதை அசிமினா தரையிலிருந்து பார்த்தாள்.

"சரிடி கண்ணு, வாசிக்கிறேன்" என்றாள் இப்போது. குரலில் சர்க்கரை சொட்டியது. ரோதாந்தி இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டு, ஒட்டிய மாவைத் துடைத்துக்கொண்டே போனாள்.

உள்ளே கட்டிலில் படுத்திருந்த ஸ்திராத்தோஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். டயாலிசிஸுக்காகப் பக்கத்து நகரத்துக்குப் பஸ்ஸில் போய், திரும்பும்போது பாதி உயிரோடு வருகிறவன். அவனைப் போன்றவர்களை ஏற்றிப்போக ஒரு வேன் வாங்கத்தான் இந்த ஷோவே.

"ஏய், ஒன் கண்ணு சரியில்ல. ஷோவக் கெடுத்துடாத. வேன் வரட்டும், அப்பறம் அவ தலைமுடியப் புடிச்சு ஆட்டு."

"ஷோவக் கெடுக்க மாட்டேன்யா. சத்தியம்."

அவன் சற்று யோசித்தான். "ஷோவத்தான சொன்ன?"

"ஆமா. ஷோவத்தான் சொன்னேன்."

ஒத்திகையில் அசிமினா அடி பிசகாமல் வாசித்தாள். கண் மட்டும் கண்கொத்திப் பாம்பு மாதிரி ரோதாந்தியின் உதட்டிலேயே இருந்தது. நாலு வருஷமாகியும் உதடு அசைகிறது. ஒண்ணு ரெண்டு மூணு. மேளத்தை அவள் கேட்பதே இல்லை.

"இப்படியே வாசிங்கக்கா, ஒண்ணும் மாத்திடாதீங்க."

"நான் எதுக்கும்மா மாத்தறேன்?"

ஞாயிற்றுக்கிழமை மதியம் சங்கக் கூடத்தில் சுட்ட இறைச்சிப் புகை கண்ணைக் கரித்தது. மேசைக்கு மேசை சிபுரோ சாராய போத்தல். ஆடுகிறவர்கள் மேல் எறிய கார்னேஷன் பூக்களைத் தட்டுத்தட்டாக விற்றார்கள். அந்தக் காசு வேனுக்கு. ஸ்திராத்தோஸ் கம்பளிக் கோட்டோடு முன்மேசையில் உட்கார்ந்திருந்தான். முதலில் சங்கப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஆடினார்கள். பிறகு விளக்கு மாறியது, கிளாரினெட் ஓய்ந்தது. ரோதாந்தி காசு கோத்த இறுக்கமான பாவாடையும் ஊசிக் குதிகால் செருப்புமாக ஜல்ஜல்லென்று நடுவில் வந்து நின்றாள்.

அசிமினா மேளத்தை மடியில் சாய்த்துக்கொண்டாள். தும், தக்க, தும். ரோதாந்தியின் இடுப்பு சரியாக விழுந்தது. பூக்கள் பறந்தன. கொஞ்ச நேரம் அப்படியே போகவிட்டாள். ரோதாந்தியின் முகத்தில் அந்தப் பழைய மினுமினுப்பு ஏறும்வரை பொறுத்தாள்.

பிறகு ஒரு 'தும்'மை அடிக்காமல் கையை அந்தரத்தில் நிறுத்தினாள்.

ரோதாந்தியின் இடுப்பு, அடி இல்லாத இடத்தில் தனியாக வெட்டியது. காசுகள் மட்டும் ஜல்லென்றன. அதன்பிறகு 'தும்' விழுந்தது. அடுத்ததும் அப்படியே. அசிமினா தப்பாக வாசிக்கவில்லை. கேட்டு ஆடுகிறவளுக்கு அது விளையாட்டு, மேளம் கண்ணாமூச்சி காட்டினால் இடுப்பும் காட்டும். எண்ணி ஆடுகிறவளுக்கு என்ன இருக்கிறது? ரோதாந்தி மனப்பாடத்தை ஒப்பித்துக்கொண்டே போனாள், மேளம் வேறு தெருவில் போனது.

"மேளம் இந்தப் பக்கம் இருக்கும்மா!" என்று பின்மேசையிலிருந்து ஒரு கிழவர் குரல் கொடுத்தார். சிரிப்பு கிளம்பியது.

ரோதாந்தி சுற்றுகிற சாக்கில் பக்கத்தில் வந்தாள். "என்ன பண்றீங்க நீங்க?"

"வாசிக்கிறேன்டி. கேளு."

கேட்கத் தெரிந்தால்தானே! அவள் நின்றேவிட்டாள்.

அசிமினா எழுந்து மேளத்தை நாற்காலியில் வைத்தாள். அடுக்களையில் போட்டிருக்கும் அதே கறுப்புப் பாவாடை. நடுக்கூடத்துக்கு வந்து, ஒரு தரைக்கல் அளவு இடத்தில் இரண்டு காலையும் ஊன்றினாள். முட்டி இனி மடங்காது, மடங்க வேண்டிய அவசியமும் இல்லை. இடுப்பை ஒரே ஒரு முறை வெட்டினாள்.

கிளாரினெட்காரன் விஷயம் தெரிந்தவன், உடனே பிடித்துக்கொண்டான். கூடம் கைதட்டித் தாளம் கொடுத்தது. அசிமினாவின் கைகள் முன்னால் நீண்டு போய் வந்தன, மறுபடி போய் வந்தன, இடுப்பு பின்னாலேயே உருண்டது. உள்ளங்கைகளைத் தட்டினாள், தோள் கிடுகிடுவென்று குலுங்கியது. ரோதாந்தி இத்தனை வருஷமாக இதே இடத்தில் விரல்களைப் பூ மாதிரி விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அடியே, மாவு தேய்க்கறாடி!" என்று ஒருத்தி அலறினாள். "கோலப் பாரு, கோலப் பாரு! மாவத் தட்டறா! இது அசிமினா ஆட்டம்டி!"

அவ்வளவுதான், கூடம் பற்றிக்கொண்டது. பெண்கள் நாற்காலிமேல் ஏறினார்கள். கார்னேஷன் தட்டுகள் வந்த வேகத்தில் காலியாயின. விற்கிறவள் கடைசியில் வெறும் தட்டைக் கவிழ்த்துக் காட்டினாள். சங்கப் பெண்கள் ஒவ்வொருத்தியாக ஓடிவந்து அசிமினாவைச் சுற்றி முட்டி போட்டார்கள். வேனுக்கு ஒரு குறையும் வராது. கொடுத்த சத்தியத்தை அசிமினா காப்பாற்றிவிட்டாள்.

நின்றுகொண்டிருந்தவள் ரோதாந்தி ஒருத்திதான். நழுவப் பார்த்தாள்.

அசிமினா இடுப்பை நிறுத்தாமலே மைக்கை எடுத்தாள். "ரோதாந்தி கண்ணு! வா, எனக்கு ஒரு முட்டி போடு!"

கூடம் கைதட்டியது. அன்றைக்குத் தட்டிய அதே கைகள்.

ரோதாந்தி கிட்டே வந்தாள். கண்மை வழிந்திருந்தது. "அக்கா, வேணாம்க்கா" என்று முணுமுணுத்தாள். "எம்பொண்ணு பாத்துட்டிருக்கா."

அசிமினா திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் மேசையோரம் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு கணம் அசிமினாவின் இடுப்பு நின்றது. அந்த நாலு வருஷத்தை நினைத்தாள், மறுபடி ஆட்டினாள்.

"அன்னிக்கி எம்புருஷனும் பாத்துட்டுதான்டி இருந்தான். போடு."

ரோதாந்தி முட்டி போட்டாள். கைதட்டினாள். உதடு ஒண்ணு ரெண்டு மூணு என்றது.

அசிமினா அவசரப்படவில்லை. கிளாரினெட்காரனைப் பார்த்து, "இன்னொரு தடவ" என்று விரலைச் சுழற்றினாள். மாவை முதலிலிருந்து தேய்த்தாள். ஆற அமரத் தேய்த்து, தட்டி, உதறி முடித்தாள். மற்ற பெண்கள் எழுந்துவிட்டார்கள். ரோதாந்தி ஒரு கையைத் தரையில் ஊன்றினாள். இறுக்கமான பாவாடை காலை விடவில்லை, ஊசிக் குதிகால் வழுக்கியது. மறுபடி முயன்று, பொத்தென்று பூக்களின் மேல் உட்கார்ந்தாள்.

அசிமினா மைக்கை வாய்க்கருகே கொண்டுபோனாள்.

"ரெண்டு பேர் வாங்கப்பா! நம்ம காப்பியம்மாவத் தூக்கி விடுங்க!"

ஸ்திராத்தோஸ் இந்த முறை சிரிப்பை அடக்கவில்லை.