நாலாவது அலைமாறன்

சினிமாவில் கடல்வீரன் அலைமாறனாக நடித்தவர்கள் மூன்று பேர் என்றுதான் ஊர் உலகம் சொல்லும். முதல் ஆளுக்குத் தொந்தி விழுந்தது. இரண்டாவது ஆள் அரசியலுக்குப் போனார். மூன்றாவது ஆள் 2011-இல் இராஜாக்கமங்கலம் பக்கம் எங்கள் கடற்கரைக்கே படப்பிடிப்புக்கு வந்தார். நாலாவது ஆள் என் புருஷன் இஞ்ஞாசி. இதைச் சொன்னால் என்னிடம் மீன் வாங்க வருகிறவர்கள்கூட, "போ குளோரி!" என்று சிரித்தார்கள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஊரே மாதா கோயிலில் பூசையில் இருந்தது. இந்த மனுஷன் மட்டும் மட்டம் போட்டுவிட்டுப் படப்பிடிப்பு பார்க்கப் போயிருக்கிறார். நீல உடையும் முகமூடியுமாக அலைமாறன் பாறையிலிருந்து கடலில் குதிக்க வேண்டும். கடலோ பேயாட்டம் ஆடியது. மூன்றாவது ஆள் அலையைப் பார்த்ததும் வேனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டூப் போட வந்தவருக்குக் காய்ச்சல். டைரக்டர் தலையில் கைவைத்தபோது என் ஆள் முன்னால் போய், "சார், நான் சாடட்டா?" என்று கேட்டிருக்கிறார்.

எங்கள் கரையில் கடலில் இறங்குகிறவன் குனிந்து தண்ணீரைத் தொட்டு, நெற்றியில் சிலுவை போட்டு, விரலை உதட்டில் வைத்து முத்திவிட்டுத்தான் இறங்குவான். இவரும் பழக்கத்தில் பாறையில் தேங்கிய அலைத்தண்ணீரைத் தொட்டு அப்படியே செய்ய, இரண்டு தடவை "கட்!"

"யோவ், அலைமாறன் சாமி கும்பிடுவானா? நேரா குதிய்யா!"

மூன்றாவது தடவை கையை இறுக்கிக்கொண்டு குதித்தாராம். உடனே மழை பிடித்துவிட்டது. மறுபடி எடுக்க வழியில்லாமல் அத்தோடு மூட்டை கட்டிவிட்டார்கள்.

யார் நம்புவார்கள்? இவரோடு ஒரே படகில் போகும் மரியஜானே கேலி பேசினார். "பூசைக்கு வராதவன் அவுத்து விடுத கதையப் பாருலே! முகமூடிக்குள்ள ஆரு இருந்தான்னு எவனுக்குத் தெரியும்?"

'நாலாவது' என்பதே பட்டப்பெயராகிவிட்டது. பொய் சொல்லத் தெரியாத மனுஷன், டீக்கடைப் பக்கம் போவதையே நிறுத்தினார். நான்தான் விடவில்லை. ஊரோடு சண்டை போட்டேன். உள்ளதைச் சொன்னால் எனக்கும் பாதி நம்பிக்கைதான்.

படம் வந்தது. இரண்டு வேன் பிடித்து நாகர்கோவிலுக்குப் போனோம்.

பாறைக் காட்சி வந்தது. முகமூடிக்காரன் ஓடி வந்தான், நின்றான், குனிந்து பாறையில் தேங்கிய தண்ணீரைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டான். கொட்டகையே அலறியது.

"ஐயோ, மூணாவது தடவையும் என்னை அறியாம போட்டிருக்கனே!" என்றார் இவர்.

மரியஜான் அசையவில்லை. "அது ஏதோ ஒரு கடற்காரன். இஞ்ஞாசின்னு எப்பிடிச் சொல்லுதது?"

அதற்குள் முகமூடிக்காரன் மறுபடி குனிந்தான். மறுபடி தண்ணீர், மறுபடி ஒரு சிலுவை.

மரியஜான் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். "லேய், ரெண்டாவது சிலுவை! இது இஞ்ஞாசியேதான்! மொதல்ல போடுதது அவனுக்கு, அடுத்தது குளோரிக்கு! தெனமும் இதச் சொல்லித்தானலே படகுல இவனக் கேலி பண்ணுவோம்!"

விசிலில் காது அடைத்தது. நான் திரும்பிப் பார்த்தேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷம், ஒரு வார்த்தை சொன்னதில்லை இந்த மனுஷன்.

"எனக்கா?"

"பின்ன ஆருக்கு? படத்தப் பாரு."

அலைமாறன் குதித்தான். நான் எங்கே பார்த்தேன்! கண்ணெல்லாம் தண்ணீர். இடைவேளை விட்டதும் ஓடிப்போய் அடுத்த காட்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன்.