குறும்புக்காரன் வேஷம்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படிக்க ஆள் சேர்க்கும்போது எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சான்றிதழ்களைப் பார்த்து முடித்ததும், தேர்வுக் குழுவில் இருக்கும் மூவரும் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வோம். வந்தவர் எங்களை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளாக நினைத்துப் பாடம் நடத்த வேண்டும். முதல்வர் அம்மா சமர்த்துப் பிள்ளை. கணக்கு விரிவுரையாளர் தூங்குமூஞ்சி. ஓய்வுபெற்ற தலைமையாசிரியனான எனக்கு எப்போதும் குறும்புக்காரன் வேஷம்.

இந்த ஆண்டு என் மருமகள் விண்ணப்பித்திருந்தாள். அவள் முறை வந்ததும் மதிப்பெண் தாளை முதல்வரிடம் கொடுத்துவிட்டு எழுந்தேன். எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வாத்தியார் வேலை. ஒருவர்கூடச் சிபாரிசில் நுழைந்ததில்லை. முதல்வர் விடவில்லை. மார்க் போட வேண்டாம், ஆனால் மற்றவர்களைப் படுத்திய பிள்ளை இவளை மட்டும் படுத்தாமல் போனால் அதுதான் சலுகை என்றார். நியாயம்தான். உட்கார்ந்தேன். மற்றவர்களுக்குக் கொடுத்ததில் இம்மியும் குறைப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

வீட்டில் நான் கூடத்துக்குள் வந்தால் எழுந்து நிற்கிறவள் அவள். இங்கே, முழங்கால் மோவாயில் இடிக்கக் குட்டிப் பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்ததும், ஐஸ் தண்ணீர் டம்ளரும் கையுமாக வாசலிலேயே நின்றுவிட்டாள். என்னிடம் பணிந்தால் இடம் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும்.

குளிர்ந்த டம்ளரின் வெளிப்பக்கம் ஏன் நனைகிறது என்பது பாடம். அவள் ஆரம்பித்ததுமே விரிவுரையாளரின் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு, அவர் என்னைக் கிள்ளுவதாகக் கத்தினேன். காலையில் இதே கூச்சலுக்கு ஒருவர் சிரித்துவிட்டார். இன்னொருவர் அதட்டி அதட்டிப் பாடத்தையே மறந்துபோனார்.

மருமகள் ஒரு கணம் தரையைப் பார்த்தாள். பிறகு நேராக என்னிடம் வந்து, பென்சிலை வாங்கிக்கொண்டு டம்ளரை என் கையில் வைத்தாள்.

"இதைப் பத்திரமா பிடிச்சுக்கோ. வெளியில தண்ணி எப்படி வருதுன்னு பார்த்து நீதான் எல்லாருக்கும் சொல்லணும். அதுவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது, என்ன?"

தலையாட்டினேன். டம்ளர் துளித்துளியாக வேர்த்தது. லேசில் விடுவேனா?

"ஓட்டை டம்ளர், டீச்சர்."

"அப்படியா? நல்லாத் துடைச்சிட்டு ஓட்டையைக் காட்டு பார்ப்போம்."

துடைத்தேன், தேடினேன். தூங்குமூஞ்சியும் எழுந்து வந்து தேடினார். ஓட்டை இல்லை, டம்ளர் மறுபடி நனைந்தது. இந்தத் தண்ணீர் வேறு எங்கிருந்து வந்திருக்கும் என்று அவள் கேட்டபோது, விடை தெரிந்த மூன்று பேரும் உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தோம்.

மற்ற இருவரும் போட்ட மார்க்கிலேயே அவளுக்கு இடம் கிடைத்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்த என் மைத்துனன், மாமனார் உள்ளே இருந்தால் மருமகளுக்கு என்ன கவலை என்று இழுத்தான். அவள் முகம் சுண்டிப்போனது.

"மச்சான், கல்யாணம் ஆன நாள்லேருந்து நீயும் உன் அக்காவும் என் வாயை அடைக்கப் பார்க்கறீங்க. முடிஞ்சுதா? இவ ஒரே டம்ளர்ல அடைச்சுட்டா. இவளுக்கா சிபாரிசு வேணும்?"

சமையலறையில் என் மனைவி சிரித்தாள். மருமகள் சிரிக்கவில்லை, மரியாதை தெரிந்தவள்.