தெச்சம்மாவுக்கு இரண்டு வெடி

துப்பாக்கியை வானத்தை நோக்கித் தூக்கியேவிட்டார் தேவய்யா. நீலம்மா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, சுடாதீங்க! கொல்லை மரத்துல இருவாச்சிப் பறவை அடைஞ்சிருக்கு."

"செத்தது என் அக்காடி! வெடி போடாம அனுப்ப அவ என்ன நாதியத்தவளா?"

குடகில் சாவு விழுந்தால் இரண்டு வெடி போட்டு ஊருக்குச் சொல்ல வேண்டும். தேவய்யா போடுகிற வெடி மூன்று ஊருக்குக் கேட்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நீலம்மா வனத்துறைச் சீருடையிலேயே வந்திருந்தாள். தேவய்யாவின் அக்கா தெச்சம்மா டீச்சர் பறவை காட்டி வளர்த்த பிள்ளைகளில் பாதிப் பேர் இன்று காட்டு வேலையில் இருந்தார்கள். "டாக்டராக வேண்டியவளைக் குருவி பின்னால ஓட விட்டியே, பாவி!" என்று அன்றைக்குச் சண்டைக்கு வந்த நீலம்மாவின் அம்மா, உள்ளே எல்லாரையும்விட உரக்க அழுதுகொண்டிருந்தாள். நடுநடுவே, "என் பொண்ணு ரேஞ்சர், தெரியும்ல?" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்லவும் தவறவில்லை.

"பொட்டை உள்ள குஞ்சோட இருக்கு மாமா. பொந்தைப் பூசி அடைச்சுக்கிச்சு. ஆண்தான் இரை கொண்டாந்து ஊட்டணும். அது பயந்து ஓடிட்டா ரெண்டும் பட்டினி. மிஸ் இருந்தா உங்களைச் சும்மா விடுவாங்களா?"

விடமாட்டாள். போன வாரம் கொல்லையில் தும்மியதற்கே முதுகில் ஒன்று வைத்தாள். எண்பது வயசுக் கையா அது! நினைத்ததும் தேவய்யாவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது.

"அப்பச்சு, ஜீப்பை எடுடா. மலைக்கு அந்தப் பக்கம் போயிடுவோம். அவளுக்குச் சேர வேண்டியது சேரணும். நீலம்மா, நீ மரத்தடியில நில்லு."

அப்பச்சுவும் டீச்சரிடம் படித்த பிள்ளைதான், யானை ஆராய்ச்சி செய்கிறவன். மலைக்கு அப்பால் வயல்வெளியில் தேவய்யா இரண்டு வெடியையும் போட்டார். மேய்ந்துகொண்டிருந்த கொக்குகள் கலைந்து எழும்பின.

"மன்னிச்சுக்கோங்கப்பா," என்றார் அவற்றிடம். அப்பச்சு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

திரும்பி வந்தபோது இழவு வீடே கொல்லையில் மூச்சுவிடாமல் நின்றது. ஜீப்பிலிருந்து இறங்கும்போதே கேட்டார்.

"கேட்டுச்சா?"

"துளிகூடக் கேக்கலை மாமா!" நீலம்மா குதித்தாள். "ஆண் இப்பத்தான் அத்திப்பழம் ஊட்டிட்டுப் போச்சு!"

"ரெண்டுமே கேக்கலையா?"

"ரெண்டுமே!"

தேவய்யா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். வெள்ளைச் சேலையில் கிடந்தவளின் காதருகே குனிந்தார்.

"கேக்கலையாம், அக்கா," என்றார், மெதுவாக.