பெரட்டுக்கு எழுதிய சுவிட்ச்

1
இந்தக் கதை ராகலை பஸ்ஸில் திருடியது. முன் சீட்டுப் பெண் யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் காதை மட்டும் நீட்டினேன். நிலக்ஷி என்ற பெயர் என் உபயம்.

மூடுபனி தேயிலை மலைகளைத் தழுவிய ஒரு காலை—

(அடித்துவிட்டேன். பனியில்லாத மலையகக் கதைக்குப் பரிசு கிடைக்காதாம். பரவாயில்லை.)

2
நிலக்ஷி டவுனில் ஜாவா படிக்கிறாள். எந்த கேஸ் பொருந்துகிறதோ அங்கே தாவும் சுவிட்ச் பாடத்துக்கு, படிப்பிக்கிற சேர் கொடுத்த பயிற்சி, சிக்னல் விளக்கு. தோட்டத் தொழிலாளர் லயத்துப் பக்கம் சிக்னல் ஏது? அவள் பெரட்டை எழுதினாள். காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிப்பார்களே, அதை. வெயிலென்றால் கொழுந்து. தூறலென்றால் புல்வெட்டு. அடைமழையென்றால் கான்வெட்டு, வடிகால் வெட்டுவது. எதுவுமில்லையென்றால் டிஃபால்ட், வீட்டுக்குப் போகலாம்.

ஒவ்வொரு கேஸின் முடிவிலும் பிரேக் என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஜாவா நிற்காமல் அடுத்த கேஸுக்கும் இறங்கிவிடும். நிலக்ஷி மறந்துவிட்டாள். அம்மா பெயரையும் வெயிலையும் கொடுத்தாள். திரையில் வந்தது:

மீனம்மா: கொழுந்து, புல்வெட்டு, கான்வெட்டு, வீட்டுக்குப் போகலாம்.

மீனம்மா எட்டிப் பார்த்தாள். "கடைசில வீட்டுக்கு விடுதுல்ல. கண்டாக்கையாவ* விட நல்ல மிசினு."

* வேலை வாங்கும் உத்தியோகத்தர். இந்தக் கதையில் வில்லன் இல்லை, சிரித்த முகம்.

3
காலையில் திருத்தலாமென்று இருந்தாள். காலையில் கண்டாக்கையா ஆளனுப்பிவிட்டார். ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை வேண்டுமாம். பெரட்டு புரோகிராம் ஓடினால் வேலை அவளுக்கு.

ஓடியது. அதே வரி. நிலக்ஷி நாக்கைக் கடித்துக்கொண்டு, பிழை இருக்கிறது, ஒரு நிமிடத்தில் திருத்துகிறேன் என்றாள். அவர் திரையை வெகுநேரம் ரசித்தார்.

"எதுக்கும்மா? நல்லாத்தான ஓடுது. அந்த வீட்டுக்குப் போகலாம்ங்கிறத மட்டும் தூக்கிரு. இன்னைக்கே சேர்ந்துக்க."

பிளேன்டீ குடிக்கப் போய்விட்டார்.

4
கேஸ் 1: நிலக்ஷி பிரேக் போடுகிறாள், வேலை போகிறது. (என் கல்லூரி நண்பர்கள் கைதட்டுவார்கள். அவர்களில் யாருக்கும் வேலை போகாது.)

கேஸ் 2: போடவில்லை. மகளுக்கு நாற்காலி, அம்மாவுக்கு மூன்று வேலை. (இதற்குப் பெயர் முன்னேற்றம். மேடையில் சொல்வார்கள்.)

இரண்டுக்கும் நடுவே நானும் பிரேக் போடவில்லை. அதனால்தான் இரண்டையும் படித்தீர்கள்.

டிஃபால்ட்: அந்த முன் சீட்டுப் பெண் இந்த இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டாள். அவள் கையில் ஆபீஸ் ஃபைல் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை, பார்த்தேன், சொல்ல மாட்டேன்.

கர்சர் முதல் கேஸின் முடிவில் மினுக்குகிறது. ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து, ஒரு அரைப்புள்ளி. சன்னலுக்கு வெளியே மீனம்மா பெரட்டில் நிற்கிறாள். இன்று நல்ல வெயில்.

கீபோர்டை உங்கள் பக்கம் தள்ளியிருக்கிறேன். கண்டாக்கையா டீ குடித்து முடிக்கப்போகிறார்.