பெயருக்கு முன்னால் ஒரு சிலுவை

தெருவில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அச்சகத்தில் காலமெல்லாம் பிழை திருத்தியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர, கண் ஓய்வு பெறவில்லை. பால்காரர் சிரித்தால்கூட, இன்றைக்கு எதற்குச் சிரிக்கிறார் என்று யோசிப்பார். இப்படிப்பட்டவருக்கு வாய்த்த பொழுதுபோக்கு, போர்க்காலத்தில் கத்தோலிக்க ஆயர்களும் மடத்துத் தலைவர்களும் கையெழுத்திட்ட கடிதங்களைச் சேர்ப்பது. போலிகள் மலிந்த துறை. சந்தேகப்பட இவருக்குச் சொல்லியா தர வேண்டும்?

ஞாயிறு மதியம் சம்பந்தி வந்தார். மகளின் மாமனார், ரொட்டிக்கடைக்காரர். ஒரு பிஸ்கட் டப்பாவிலிருந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். போர் நடந்தபோது ஒரு மடத்துத் தலைவி எழுதியது.

"இது உங்ககிட்ட இருந்தாத்தான் பத்திரமா இருக்கும் சம்பந்தி. வச்சுக்கங்க."

"என்ன விலை?"

"உங்ககிட்டப் போய் விலையா!" என்று சிரித்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

பூதக்கண்ணாடி மனைவி பக்கம் திரும்பினார். "சும்மா தர்றாரே, எதுக்கு?"

"பாசத்துல தர்றார்," என்றாள் மனைவி.

"பாசமா? கல்யாணத்துல என்னை நாலாவது வரிசையில உட்கார வச்ச மனுஷன்!"

"பொண்ணு அந்த வீட்டுலதான் இருக்கா. எதையாவது கிளறி வைக்காதீங்க."

கிளறாமல் இருப்பாரா? மேசை விளக்கைப் போட்டு லென்ஸை எடுத்தார். யாரோ ஒரு சிறுவனை ரொட்டிக்கடையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நாலு வரி. அதை அவர் மேலோட்டமாகத்தான் பார்த்தார். பிழை திருத்துகிறவர்கள் எழுத்தைப் படிப்பார்கள், சேதியைப் படிக்க மாட்டார்கள். அதே தலைவியின் வேறொரு கடிதம் அவரிடம் இருந்தது. ஒப்பிட்டார். கையெழுத்து அசல்தான்.

ஆனால் பெயருக்கு முன்னால் கறுப்பாக ஒரு சின்னச் சிலுவை!

பெயருக்கு முன் சிலுவை போடுவது ஆயர்களின் வழக்கம். மடத்து அம்மாவுக்கு அது எப்படி வரும்? அவரிடமிருந்த கடிதத்தில் சிலுவை கிடையாது. மையைப் பார்த்தார். கையெழுத்து பழுத்துப் பழுப்பாகியிருந்தது. சிலுவை கன்னங்கரேல் என்று இருந்தது. அகப்பட்டாரய்யா சம்பந்தி! ஆயர் கடிதம் என்று நினைக்கட்டும் என்று அவரே போட்டிருக்கிறார். இதைக் கொடுத்துவிட்டு நாளைக்கு எதைக் கேட்பாரோ?

பழைய பழக்கம் கையை இழுத்தது. பிழை கண்ணில் பட்டால் நீக்க வேண்டும். சிலுவையின் ஓரத்தை ரப்பரால் மெல்லத் தொட்டார், பொடியாக உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்தார். ஊதினார். தாள் சுத்தமாகிவிட்டது. வெகுநாளைக்குப் பிறகு ஒரு வேலையைச் சரியாகச் செய்த திருப்தி அவருக்கு.

அடுத்த ஞாயிறு சம்பந்தியைச் சாப்பிடக் கூப்பிட்டார். கை கழுவி வந்ததும் நைசாக ஆரம்பித்தார்.

"அந்தக் கடிதத்துல ஒரு சிலுவை இருந்துச்சே. யார் போட்டது?"

"நான்தான்."

பூதக்கண்ணாடி மனைவியைப் பார்த்த பார்வையில் 'நான் சொன்னேனா இல்லையா' என்பது முழுசாக இருந்தது.

"மடத்து அம்மாதான் அந்தக் கடிதத்தைக் கையில கொடுத்து என்னைக் கடைக்கு அனுப்புனாங்க," என்றார் சம்பந்தி. "பெத்தவங்க இல்லாத பையன் நான். போய்ச் சேர்ந்த மூணாம் நாள் மடத்து மேல குண்டு விழுந்துச்சு. அம்மா போயிட்டாங்கன்னு முதலாளி வந்து சொன்னார். செத்தவங்க பேருக்கு முன்னால சிலுவை போடணும்னு சொல்லிக் கொடுத்ததே அவங்கதான். அடுப்புல கிடந்த கரியை எடுத்துப் போட்டேன். கல்லறைன்னு அவங்களுக்கு வேற எதுவும் இல்ல." துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "எடுங்களேன், ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன்."

மனைவிதான் எடுத்து வந்தாள்.

சம்பந்தி தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். கட்டைவிரலால் பெயருக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தைத் தடவினார். பிறகு மேசையைப் பார்த்தார். ரப்பர் அங்கேயேதான் கிடந்தது.

"தப்புன்னு நினைச்சு..." என்று இழுத்தார் பூதக்கண்ணாடி. அவமானத்தில் முகம் எரிந்தது. பென்சிலை எடுத்து நீட்டினார். "நீங்களே திரும்பப் போட்டுடுங்க சம்பந்தி."

சம்பந்தி பென்சிலை வாங்கவில்லை. கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து அவர் முன்னால் வைத்தார். குரலில் கோபமே இல்லை.

"இப்பத்தான் தப்பு ஒண்ணும் இல்லையே. நீங்களே வச்சுக்கங்க."